பங்குச் சந்தைக்கு எப்போது திரும்புவது? ஓய்வுக்காலச் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தை சரியும் நேரத்தில் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குகளிலிருந்து வெளியே எடுப்பவர்கள் அநேகமாக எல்லோருமே, "நிலைமை கொஞ்சம் சரியாகட்டும், திரும்பப் போட்டுவிடலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் எடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் அப்படி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய பணம் இன்றுவரை வங்கி டெபாசிட்டில், ஆண்டுக்கு ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்பட்டபடியே கிடக்கிறது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். விவரம் தெரியாதவர்களும் அல்லர். டெபாசிட் முதிர்வடையும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் யோசிக்கும்போதெல்லாம், "சந்தை இப்போது எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

கேட்க வேண்டியது, "இந்தப் பணம் எனக்கு எந்த ஆண்டில் தேவைப்படும்?" என்பது. சந்தை இனி எப்படிப் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பணம் எப்போது தேவை என்பதை உங்களால் ஓரளவு சரியாகவே சொல்ல முடியும். பதில் கிடைக்காத கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவதால்தான் திரும்புவதில் இத்தனை தவறுகள் நடக்கின்றன.

நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருப்பது

இதுதான் மிகப் பரவலான தவறு. இதில் இழப்பும் அதிகம். 2020-ஐத் தேதி வாரியாகப் பார்த்தால் இது ஏன் தவறு என்பது விளங்கும்.

ஜனவரி 14 அன்று, மும்பைப் பங்குச் சந்தையின் 30 பெரிய நிறுவனங்களை வைத்துக் கணக்கிடும் குறியீடான சென்செக்ஸ் 41,952 புள்ளிகளில் முடிந்தது. மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்து 25,981-க்கு வந்தது. மறுநாள் இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அன்றைய மனநிலையில், "தொற்று குறையட்டும், தொழில்கள் திறக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒருவர் முடிவெடுத்தால் அதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது என்ன? ஜூன் இறுதியில் சென்செக்ஸ் 34,900-ஐ எட்டியிருந்தது. ஆகஸ்ட் 31 அன்று, ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 சதவிகிதம் சுருங்கியது என்ற புள்ளிவிவரம் வந்தது. அப்படி ஒரு வீழ்ச்சியை இந்தியா அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குச் சென்செக்ஸ் 38,600. செப்டம்பர் நடுவில் தினசரித் தொற்று 97,000-ஐத் தாண்டியது. நவம்பர் 9 அன்று சென்செக்ஸ் 42,597-ல் முடிந்து, பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. தடுப்பூசி அப்போது இந்தியாவில் ஒருவருக்குக்கூடப் பொதுப் பயன்பாட்டில் போடப்பட்டிருக்கவில்லை.

இன்னும் ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கிடைக்காமல் மருத்துவமனை வாசல்களில் மக்கள் தவித்தார்கள். அந்தக் கொடுமையான வாரத்தில் சென்செக்ஸ் 48,000-க்கு மேல் இருந்தது. சந்தை மனிதாபிமானம் இல்லாதது என்று சிலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பங்கு விலை இன்றைய நிலைமையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. இனி வரப்போகும் ஆண்டுகளின் லாபம் குறித்த எதிர்பார்ப்பையும் வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே செய்தித்தாளின் முதல் பக்கம் நன்றாக மாறும் நாளில், அந்த நன்மை விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். எல்லாம் தெளிந்த பிறகு போகலாம் என்பது அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நிற்பதுதான்.

திரும்ப நினைத்தவர்களுக்குக் கதவே திறக்காமல் போன நாளும் உண்டு. 2008-ன் உலக நெருக்கடியில் விழுந்த சென்செக்ஸ், 2009 மார்ச் 9 அன்று 8,160-ல் முடிந்தது. அடுத்து மக்களவைத் தேர்தல். "தொங்கு நாடாளுமன்றம் வரப்போகிறது, முடிவு தெரியட்டும்" என்று காத்திருந்தவர்கள் ஏராளம். மே 16, சனிக்கிழமை, முடிவு தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட நிலையான அரசு. மே 18, திங்கட்கிழமை, சந்தை திறந்த சில நொடிகளில், விலை மிக வேகமாக ஏறினால் வர்த்தகத்தை நிறுத்திவைக்கும் மேல் வரம்பைத் தொட்டு நிறுத்தப்பட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். மறுபடி சில நொடிகளில் அடுத்த வரம்பைத் தொட்டது. அன்றைய வர்த்தகம் அத்தோடு முடித்துவைக்கப்பட்டது. சென்செக்ஸ் ஒரே நாளில் 2,110 புள்ளிகள், அதாவது 17 சதவிகிதத்துக்கு மேல் ஏறி, 14,284-ல் நின்றது. தெளிவு வந்த நாளில், தெளிவுக்காகக் காத்திருந்தவர்களால் பங்கு வாங்கவே முடியவில்லை. மார்ச் 9-லிருந்து கணக்கிட்டால், பத்து வாரத்தில் 75 சதவிகித ஏற்றத்தைக் கரையில் நின்று பார்த்திருந்தார்கள்.

விற்ற விலையைப் பிடித்துக்கொண்டிருப்பது

"நான் விற்ற விலைக்குக் கீழே வரட்டும், உடனே போட்டுவிடுகிறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விற்றதைவிட மலிவாக வாங்கினால்தானே விற்றதற்கு அர்த்தம்?

ஒருவர் 2020 மார்ச் 12 அன்று வெளியேறினார் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த மறுநாள். சென்செக்ஸ் 2,919 புள்ளிகள் விழுந்து 32,778-ல் முடிந்த நாள். அவர் நினைத்தபடியே சந்தை அதற்குக் கீழே போனது. பதினொரு நாளில் 25,981. மார்ச் நடுவிலிருந்து மே இறுதிவரை, ஓரிரு நாள் தவிர, அவர் விற்ற விலைக்குக் கீழேயேதான் இருந்தது. அப்போது அவர் உள்ளே வந்திருக்க வேண்டுமே? வரமாட்டார். 26,000-ல் இருக்கும்போது 20,000 வரும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். 30,000-க்கு ஏறியபோது, இது பொய்யான ஏற்றம், மறுபடி விழும் என்றார்கள். தான் கேட்ட விலை கையருகே வரும்போது அதைவிடக் குறைந்த விலையை மனம் கேட்க ஆரம்பித்துவிடும். 2020 ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு சென்செக்ஸ் 32,778-க்குக் கீழே ஒருநாள்கூட முடிந்ததில்லை.

விற்ற விலை என்பது உங்கள் நினைவில் மட்டும் இருக்கும் எண். சந்தைக்கு அது தெரியாது. உங்கள் ஓய்வுக்காலச் செலவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. டெபாசிட்டில் இருக்கும் அந்தப் பணம் பங்கு விற்று வந்தது என்பதை மறந்துவிட்டு, பரம்பரைச் சொத்தில் உங்கள் பங்காக நேற்றுக் கைக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்று புதிதாக வந்த பணமாக இருந்தால் அதில் எவ்வளவைப் பங்கில் போடுவீர்கள்? அந்தப் பதிலுக்கும், இப்போது போட்டிருப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நீங்கள் நகர்த்த வேண்டிய தொகை.

பி/இ விகிதத்தை மட்டும் நம்புவது

படித்தவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் தவறு இது. தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டியின் பி/இ விகிதம் 25-க்கு மேல் போனால் விலை அதிகம், 18-க்குக் கீழே வந்தால் மலிவு என்று ஒரு கணக்கைப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். விகிதத்தின் மேல்பகுதி விலை, கீழ்ப்பகுதி நிறுவனங்களின் லாபம். பெரிய நெருக்கடியில் லாபம் விலையைவிட வேகமாகச் சுருங்கிவிடும்; அப்போது விகிதம் தானாகவே எகிறும். 2021 தொடக்கத்தில் நிஃப்டியின் பி/இ 40-ஐத் தாண்டி நின்றது. "25-க்கு வரட்டும்" என்று காத்திருந்தவர்கள் அந்த ஏற்றம் முழுவதையும் இழந்தார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2021 மார்ச் 31 முதல் தேசியப் பங்குச் சந்தை இந்த விகிதத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை தாய் நிறுவனத்தின் தனி லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்தை எடுத்துக்கொள்கிறார்கள். விலையில் பெரிய மாற்றமில்லாமலே விகிதம் 40-லிருந்து 33 அளவுக்கு இறங்கியது. ஆகவே 2021-க்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டு, "வரலாற்றுச் சராசரியைவிட மலிவு" என்று காட்டுபவர்களை நம்ப வேண்டாம். பி/இ பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மிக அதிகமாக இருக்கும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவும், பணத்தை நிதானமாகப் பிரித்துப் போடவும் அது உதவும். உள்ளே போகலாமா வேண்டாமா என்ற முடிவை அதன் கையில் கொடுக்க முடியாது.

மொத்தக் கணக்கைப் போடாமலே முடிவெடுப்பது

"எவ்வளவு பங்கில் இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். பி.எஃப். நினைவுக்கே வருவதில்லை, அது சம்பளத்தில் பிடித்த பணம், சேமிப்பு அல்ல என்ற எண்ணம். ஆனால் மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு இருப்பதிலேயே பெரிய ஓய்வுக்கால முதலீடு அதுதான். பி.எஃப். அமைப்பு 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாக வரும் பணத்தில் ஒரு சிறு பகுதியைப் பங்கு சார்ந்த இ.டி.எஃப்.களில் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகளில்) போடுகிறது என்றாலும், உங்களுக்குக் கிடைப்பது ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் வட்டி. 2023–24-க்கும் 2024–25-க்கும் அது 8.25 சதவிகிதம். உங்கள் கணக்கில் அதைக் கடன் சார்ந்த முதலீடாகவே, அதாவது டெபாசிட், பத்திரம் போல வட்டி தரும் முதலீடாகவே வைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். வயது 50, ஓய்வு 58-ல். பி.எஃப். 38 லட்சம், பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) 14 லட்சம், முன்பு பங்குகளிலிருந்து எடுத்து டெபாசிட்டில் போட்டது 30 லட்சம், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 10 லட்சம், அதில் பாதி பங்கில். மிச்சமிருக்கும் பங்கு ஃபண்டுகள் 8 லட்சம். மொத்தம் ஒரு கோடி. அதில் பங்கு எவ்வளவு? 8 லட்சமும் என்.பி.எஸ்.ஸில் 5 லட்சமும் சேர்ந்து 13 லட்சம், 13 சதவிகிதம். பி.எஃப்., பி.பி.எஃப். இரண்டையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 48 லட்சத்தில் 13 லட்சம், அதாவது 27 சதவிகிதம் என்று வரும். "நமக்குப் போதுமான அளவு பங்கு இருக்கிறதே" என்ற தப்பான நிம்மதி இங்கிருந்துதான் வருகிறது.

சரி, எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கேதான் தேதி வருகிறது. இவருடைய குடும்பச் செலவு இன்று ஆண்டுக்கு 6 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், ஓய்வுபெறும் ஆண்டில் அதே வாழ்க்கைக்கு ஏறக்குறைய 9.6 லட்சம் வேண்டும். அதிலிருந்து தொடர்ந்து ஏறும் முதல் ஏழு ஆண்டுச் செலவைக் கூட்டினால் சுமார் 80 லட்சம். இந்த 80 லட்சத்தைச் சந்தையின் தயவில் விடக்கூடாது. கடன் சார்ந்த முதலீட்டில் இன்று 60 லட்சம் இருந்து, ஆண்டுக்கு 7 சதவிகிதம் வளர்ந்தால், எட்டு ஆண்டில் அது 1.03 கோடி ஆகும். இனி வரும் பி.எஃப். பிடித்தத்தைச் சேர்க்காமலே. 80 லட்சம் போக மருத்துவச் செலவுக்கும் மிச்சம் இருக்கிறது. ஆகவே மீதி 40 லட்சம் பங்கில் இருக்கலாம். அவர் ஓய்வுபெறும் மாதத்திலேயே சந்தை பாதியாக விழுந்தாலும், ஏழு ஆண்டுகளுக்கு ஒரு யூனிட்டைக்கூட விற்க வேண்டியதில்லை. ஏழு ஆண்டு என்பது உத்தரவாதம் அல்ல. ஆனால் 2008-ன் பெருவீழ்ச்சியிலிருந்து சென்செக்ஸ் மீண்டு, பழைய உச்சத்துக்கு மேல் நிலையாகக் காலூன்ற ஏறக்குறைய ஆறு ஆண்டுதான் எடுத்தது.

இந்தக் கணக்கில் சந்தை இன்று எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 13 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்குப் போக 27 லட்சம் நகர வேண்டும் என்ற விடை மட்டும் வந்திருக்கிறது. மகளின் திருமணம், வீட்டுக் கடன் பாக்கி, சொந்த ஊரில் பெற்றோரின் மருத்துவம் என்று அடுத்த ஐந்து ஆண்டுக்குள் வரும் பெரிய செலவுகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். அந்தப் பணம் பங்கு பக்கம் போகவே கூடாது.

ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. 40 லட்சம் 20 லட்சம் ஆனால் தாங்குவீர்களா? இதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் சென்ற முறை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். அதுதான் உண்மையான பதில். 30 சதவிகித இறக்கத்தில் வெளியேறியவர் 40 லட்சத்துக்குப் பதில் 30 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. உள்ளே தங்கக்கூடிய 30 சதவிகிதம், மறுபடி ஓட வைக்கும் 40 சதவிகிதத்தைவிட மேல்.

விட்டதைப் பிடிக்க வேகம் கூட்டுவது

வெளியே இருந்த ஆண்டுகளில் பக்கத்து மேசைக்காரரின் பணம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அதைப் பார்த்த வருத்தத்தில் திரும்புபவர்கள், வெளியேறும்போது வைத்திருந்த, பெரிய நிறுவனப் பங்குகளில் போடும் சாதாரண லார்ஜ்கேப் ஃபண்டுக்குத் திரும்புவதில்லை. சென்ற ஆண்டு அதிகம் ஏறிய ஸ்மால்கேப் (சிறு நிறுவனப் பங்கு) ஃபண்ட், ஏதாவது ஒரு துறை சார்ந்த ஃபண்ட், இன்னும் துணிந்தால், விலை எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம்போல் வாங்கும் ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் என்று போகிறார்கள். கடைசியாகச் சொன்னதைப் பற்றி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்களுக்குக் கை நடுங்கும்: முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்தப் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் பணம் இழந்திருக்கிறார்கள். ஓய்வுக்கு எட்டு ஆண்டு இருக்கும் ஒருவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "நிச்சயம் ஏறும் பங்கு" என்று வருபவையும் இதே வகைதான். இவற்றில் ஓய்வுக்காலப் பணத்தைத் தொலைத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் திரும்பி வந்தது சரியான முடிவு. வந்த இடம்தான் தவறு.

நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, அதனுடன் பரவலாகப் பிரித்து முதலீடு செய்யும் ஃபண்ட் ஒன்று. ஓய்வுக்காலப் பணத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. போய்விட்ட ஆண்டுகளின் லாபத்தை இனி வரும் ஆண்டுகளிடம் வசூலிக்க முடியாது. அதைச் சேமிப்பைக் கூட்டியோ, ஓய்வை ஓராண்டு தள்ளியோதான் ஈடுசெய்ய முடியும்.

தவணையைப் பாதி வழியில் நிறுத்துவது

ஒரே நாளில் 27 லட்சத்தையும் போடுவதா, பிரித்துப் போடுவதா? சந்தை ஏறிய ஆண்டுகளே அதிகம் என்பதால், வெறும் கணக்குப்படி ஒரே தடவையில் போட்டால் கூடுதல் லாபம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒருமுறை பயந்து வெளியேறியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். போட்ட மறு மாதமே 10 சதவிகிதம் விழுந்தால் அவர் திரும்பவும் எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் வரமாட்டார். குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதம் ஒரு தொகை தானாகப் பங்கு ஃபண்டுக்கு மாறும்படி எஸ்.டி.பி. ஏற்பாடு செய்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதம் போதும். மூன்று ஆண்டுக்கு நீட்டினால் அது திரும்புவதைத் தள்ளிப்போடும் இன்னொரு வழியாகிவிடும்.

தொடங்கிய பிறகு கை வைக்காதீர்கள். மூன்றாவது மாதம் சந்தை விழுந்ததும், "கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்" என்று எஸ்.டி.பி.யை ரத்து செய்பவர்கள் மிக அதிகம். குறைந்த விலையில் வாங்குவதற்காகத்தானே பிரித்துப் போட்டோம்? 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு எதிர்பார்த்தபடி வராததால், சென்செக்ஸ் ஒரே நாளில் 4,390 புள்ளிகள் விழுந்து 72,079-ல் முடிந்தது. அன்று மாலை தவணையை நிறுத்தியவர்கள், மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, அது 76,693 என்ற புதிய உச்சத்தில் முடிந்ததைப் பார்த்தார்கள்.

எந்த வாசல் வழியாகத் திரும்புவது என்று பார்க்காமல் விடுவது

என்.பி.எஸ். இருந்தால் முதலில் அதைத் திறங்கள். அங்கே பங்கு, கம்பெனிக் கடன் பத்திரம், அரசுக் கடன் பத்திரம் ஆகியவற்றுக்கு இடையே விகிதத்தை மாற்றினால் வரி கிடையாது. ஒரு நிதியாண்டில் நான்கு முறை மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன உதாரணத்தில், விகிதத்தை நீங்களே முடிவுசெய்யும் 'ஆக்டிவ் சாய்ஸ்' முறையில் பங்கை 50 சதவிகிதத்திலிருந்து 75 ஆக்கினால், 2.5 லட்சம் ஒரு ரூபாய் வரியில்லாமல் பங்கு பக்கம் வந்துவிடும். மீதி 24.5 லட்சத்தை டெபாசிட்டிலிருந்து கொண்டுவந்தால் போதும். மாதம் சுமார் இரண்டு லட்சம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வயதுக்கு ஏற்ப விகிதம் தானாக மாறும் 'ஆட்டோ சாய்ஸ்' முறையில் எல்.சி.75 என்ற திட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்து, 50 வயதில் அதைத் தேர்ந்தெடுத்தால் 75 சதவிகிதம் பங்குக்குப் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 75 சதவிகிதம் 35 வயதுவரை மட்டும்தான். பிறகு வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, 50 வயதில் 20 சதவிகிதமும், 55 வயதில் 15 சதவிகிதமும்தான் இருக்கும். பங்குக்குத் திரும்புவதாக நினைத்து அதில் சேருபவர், உண்மையில் இன்னும் வெளியேறிக்கொண்டிருப்பார்.

டெபாசிட் பக்கம் பொறுமை வேண்டும். முதிர்வுக்கு முன் உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவிகிதம்வரை வட்டியைக் குறைக்கும். ஐந்தாறு டெபாசிட்டுகளாகப் பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் முதிரும் தேதியே உங்கள் தவணைத் தேதியாகிவிடும். ஆனால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதலில் நீக்கிவிடுங்கள். புதுப் பங்கு ஃபண்டுகளில் யூனிட் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் விற்றால், லாபத்துக்கு 20 சதவிகித வரியும், பல ஃபண்டுகளில் 1 சதவிகித வெளியேற்றக் கட்டணமும் உண்டு. ஓராண்டுக்குப் பிறகு, நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவிகிதம். உள்ளே போய் உடனே வெளியே வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த விலையைக் கொடுக்க வேண்டும்.

எல்லோரும் திரும்ப வேண்டும் என்று நினைப்பது

"நீண்ட காலத்தில் சந்தை ஏறியே தீரும்" என்று சொல்லி, வயதையும் தேவையையும் பாராமல் எல்லோரையும் உள்ளே இழுப்பதும் தவறுதான். 1992 ஏப்ரலில், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெடிப்பதற்கு முன், சென்செக்ஸ் 4,467-ல் இருந்தது. பதினொரு ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில், அது 3,000 அளவில்தான் நின்றது. அந்த ஆண்டுகளில் பலவற்றில் வங்கி டெபாசிட்டுக்கே 10 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 1989-ல் 55 வயதாக இருந்தவருக்கு அப்போது 89. நீண்ட காலம் என்பது நமக்கு மிச்சமிருக்கும் காலத்தைவிட நீளமாகவும் இருக்கக்கூடும்.

அரசு ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது, டெபாசிட் வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்து செலவுக்கு மேல் நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து விட்டுச்செல்லும் எண்ணமும் இல்லை என்றால், 68 வயதில் பங்குச் சந்தைக்குத் திரும்ப எந்த அவசியமும் இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். கணவன் மனைவி இருவரும் தகுதியுள்ளவர்களானால் தனித்தனியாகப் போடலாம். சேரும்போது இருக்கும் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. முகவர் வந்து "பணம் சும்மா கிடக்கிறதே" என்று சொன்னால், அது சும்மா கிடக்கவில்லை, வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

ஓய்வூதியம் இல்லாமல், 60 வயதில், 85 வயதுவரை ஓட வேண்டிய சேமிப்பை வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. 2020–21-ல் ஓராண்டு டெபாசிட்டுக்குப் பெரிய வங்கிகள் 5 சதவிகிதத்தை ஒட்டித்தான் கொடுத்தன. அதே ஆண்டில் விலைவாசி சராசரியாக 6 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது. வட்டிக்கு வரியும் கட்டிய பிறகு, ஆண்டு முடிவில் அவருடைய பணத்தால் வாங்க முடிந்த அரிசியும் மருந்தும் குறைந்திருந்தன. அப்படிப்பட்டவர் முதல் ஏழு ஆண்டுச் செலவைக் கடன் சார்ந்த முதலீட்டில் வைத்துவிட்டு, எட்டாவது ஆண்டுக்கு மேல் தேவைப்படும் பணத்தில் ஒரு பகுதியையாவது பங்கில் வைக்க வேண்டும். எவ்வளவு, எந்த ஃபண்ட், எந்த மாதம் தொடக்கம், எந்த மாதம் முடிவு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, டெபாசிட் ரசீதுகள் இருக்கும் கோப்பிலேயே வைத்து, வாழ்க்கைத்துணைக்கும் காட்டிவிடுங்கள். தவணைகள் முடிந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலையில், விகிதத்தைப் பார்த்தால் போதும். 40 சதவிகிதம் 47 ஆகியிருந்தால் அதிகமானதைக் கடன் பக்கம் மாற்றுங்கள். 33 ஆகியிருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிரப்புங்கள். அதற்கு நடுவில் வரும் பதினொரு மாதத்துக்கு அந்தக் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை.